பாறை நத்தைக்கு ஊற்றிய தண்ணீர்

அப்பா இல்லாத இந்த வருஷங்களில், வெயில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறைக் கரைதான் ஞாபகம் வருகிறது. கடல் நத்தைகளைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றதும் பரளச்சியில் சிரிக்காதவர்கள் இல்லை. கண்மாயே பாதி வருஷம் வறண்டு கிடக்கிற ஊரிலிருந்து கடலைப் படிக்க ஒருத்தி கிளம்பிவிட்டாளாம். நான் படிக்கப் போனதோ வெயிலைத்தான். அதில் எங்கள் ஊரை விட்டால் வேறு யாருக்கு அனுபவம்?

கன்னியாகுமரிப் பக்கம் அந்தக் கரை. கடல் உள்வாங்கிய நடுப்பகலில் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்தப் பாறையில் சுண்டுவிரல் நகம் அளவு நத்தைகள் ஒட்டிக் கிடக்கும். சூடு ஏற ஏறத் தன் சதைக் காலை உள்ளே இழுத்து, மூடியைச் சாத்தி, ஓட்டின் விளிம்பை மட்டும் காய்ந்த பசையால் பாறையில் ஒட்டிவைத்துத் தொங்கும். பாறையின் சூடு உடம்புக்கு ஏறும் வழியை அப்படிக் குறைத்துக்கொள்ளும். உள்ளே இதயத் துடிப்பும் மெதுவாகிவிடும். அலை திரும்பி வரும்வரை அதே கிடைதான். மெல்லிய கம்பியால் அவற்றின் சூட்டை அளப்பது என் வேலை.

ஒரு சித்திரையில் அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்பது வீட்டு முடிவு. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். குடையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். அளந்து முடித்தபின் பேசலாம் என்றேன். எனக்கும் பயம்தான்.

மேல் பாறைக்குப் போய்த் திரும்பினால், தன் குடிதண்ணீர் பாட்டிலை நத்தைகள் மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு செம்புத் தண்ணீரில் முகம், கை, கால் மூன்றையும் கழுவி முடிக்கிற மனிதர். எங்கள் பக்கம் வெயிலில் வந்தவர் யாராக இருந்தாலும், வந்த காரியம் கேட்கும் முன் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் கடற்கரை வரைக்கும் வந்துவிட்டது. பசை இளகி நாலைந்து நத்தைகள் உருண்டன. காலையிலிருந்து எடுத்த அளவெல்லாம் வீண். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இப்பிடிக் காயிதே, ஒரு வாய் தண்ணி குடுக்காம எப்பிடித்தேன் பாத்துக்கிட்டு இருக்க?" என்றார்.

"அது சாகக் கெடக்கலப்பா, தாங்கிக்கிட்டு இருக்கு. தண்ணி ஊத்துனா அதோட பிடிமானந்தேன் போகுது" என்றேன்.

உருண்டதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாறை இடுக்கின் ஈரத்தில் மெதுவாக விட்டார். மாப்பிள்ளைப் பேச்சையே எடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் போன் வந்தது. நான் கிளம்பிவிட்டேனா என்று அம்மா கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"அவ வரல. பாலவனத்தத்துக்காரகளுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிரு. புள்ள நல்லாத்தேன் இருக்கு. நாம தொட்டுக் கெடுக்க வேணாம்."

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நான் அவருடைய காலி பாட்டிலை வாங்கி, குழாயில் தண்ணீர் பிடித்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.