பட்டப்பகல்ல சாத்தின கதவு

மலையிறங்கற பஸ்ல ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதனாலதான் கீழ டவுன்ல இருக்கற சென்டருக்குப் போகாம, எங்க ஊட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல எழுதற இங்கிலீஷ் டெஸ்ட்டை எடுத்தேன்.

கேமராவுலயும் மைக்குலயும் கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க; எழுதறப்ப யாரோடயும் பேசக்கூடாதுன்னு கண்டிஷன். காலையில வாசக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டு உட்கார்ந்தேன்.

எங்க மலையில பல ஊர் சேர்ந்ததை நாடும்பாங்க. எங்க வளப்பூர் நாட்டுல ஆள் இருக்கற ஊட்டுக் கதவைப் பகல்ல சாத்த மாட்டாங்க. பாதி டெஸ்ட்ல பக்கத்து ஊட்டு அக்கா பதறிப்போய்க் கதவை இடிக்கறாங்க. "கண்ணு, என்னாச்சு? கதவைத் தொற சாமி!"

"ஒண்ணுமில்லீங்கக்கா!"ன்னு கத்திட்டேன்.

டெஸ்ட் ரத்து. வெளிநாட்டுக் காலேஜுக்கு மார்க் அனுப்ப இந்த வாரந்தான் கடைசி.

அக்காவைத் திட்டவும் மனசு வரல. நான் போகணும்னு நெனைக்கற ஊர்ல எல்லாக் கதவும் சாத்தியேதான் இருக்குமாம். அங்க இருக்கறவங்க சொல்லுங்க, உங்க கதவை யாராச்சும் தட்டறாங்களா?