மைனி ஏலம் கேட்ட காச்சில்

என் வீட்டு அடுக்களைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிமேல் ஒரு காச்சில் கிழங்கு கிடக்கிறது. ஐந்து விரலையும் விரித்து வைத்த முரட்டுக் கை மாதிரி இருக்கும். விரலிடுக்கில் மண் காய்ந்து அப்படியே ஒட்டியிருக்கிறது. பண்டிகை முடிந்து டிரைவர் இறக்கி வைத்ததுதான், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. என் வீட்டுக்காரி ஒருநாள் கத்தியோடு வந்தாள். நான் அதன் பக்கத்தில் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, "அப்பம் நா மரச்சீனியே அவிக்கியேன்" என்று திரும்பிப் போய்விட்டாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை சுமந்து தொடங்கினேன். இன்று குன்னத்துகாலில் என் களத்தில் சுவர் கட்ட வார்க்கிற சிமெண்டுக் கட்டை போகாத வீடு இந்தச் சுற்றுவட்டத்தில் அபூர்வம். டிப்பர் ஓடுகிறது, ஜீப் நிற்கிறது, பிள்ளைகள் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். கஷ்டப்பட்டவன் தன் வாயால் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அந்தப் பெருமை ஊரறிய விளங்குகிற இடம் எங்கள் வேதக்கோயில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், சபையார் கொண்டுவந்த முதல் விளைச்சலை எல்லாம் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். சபைச் செயலர் ஒரு வாழைக்குலையைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு என்ன விலை?" என்பார். அங்கே யாரும் சந்தை விலைக்குக் கேட்பதில்லை. ஒரு கோழிமுட்டை ஆட்டு விலைக்குப் போகும். பணம் கோயிலுக்கு, பெயர் எடுத்தவனுக்கு. மூன்று தரம் சொல்லி, யார் பெயருக்கு என்று கேட்டு, அந்தப் பெயரைச் செயலர் உரக்கக் கூப்பிடுவார். அந்தக் கூப்பாட்டில் என் பெயர் விழாத பண்டிகையே கிடையாது.

மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் போனபிறகு, அவர் நட்டுவந்த விதைக் காச்சிலை அவள்தான் வருடம் தவறாமல் குழியில் வைத்து, சாம்பல் போட்டு, பலாமரத்தில் கொடி ஏற்றி வளர்த்தாள். அறுத்தால் உள்ளே நாவல்பழ நிறம். பண்டிகைக்கு அதைத்தான் கொண்டுவருவாள். கொண்டுவந்ததைத் தானே ஏலமும் கேட்பாள். பெண்கள் பக்கத்தில் இருந்து மெல்லிய குரல் வரும். நான் கூட்டுவேன். அவளும் கொஞ்சம் கூட்டுவாள். நான் ஒரே தாவாக ஏற்றிவிடுவேன். மைனி சிரித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்து உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் அந்தக் கிழங்கை ஜீப்பில் அவள் வீட்டுக்கே அனுப்பிவைப்பேன். "வச்சுக்கிடுங்க மைனி, எல்லாம் ஒண்ணுதானே" என்பேன். கோயிலுக்குப் பணமும் ஆயிற்று, மைனிக்குக் கிழங்கும் ஆயிற்று என்று எனக்கு அதிலும் ஒரு பெருமை.

ஒரு வருடம் விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர் மைனியின் வீட்டைச் சுற்றிய பறம்புக்கு வந்து அந்தக் காச்சிலைப் பார்த்துவிட்டு, மலைப்பக்கத்துத் தாவரத் தோட்டத்தில் கண்காட்சி வாரம் நடக்கிறது, இதை அங்கே வைக்க வேண்டும் என்றார். மைனி தயங்கினாள். நான் விடவில்லை. என் காரிலேயே கிழங்கையும் மைனியையும் ஏற்றி, ஒற்றசேகரமங்கலம் தாண்டி மலையடிவாரம் வரை தினமும் கொண்டுபோனேன். நல்ல வாரம் அது. ஒருநாள் ஆர்க்கிட் பூக்கள், ஒருநாள் பச்சிலை மருந்து, ஒருநாள் பலாச்சக்கையில் செய்த பாயசமும் பஜ்ஜியும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைத் திறந்துகொண்டிருந்தது. "இதும் உன்னப் போலத்தான், கிட்ட வந்தத விடாது" என்றாள் மைனி. எங்கள் காச்சில் ஒரு சிவப்புத் துணிமேல் இருந்தது. வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொன்னவன் நான். குழி வெட்டுவது முதல் கொடி ஏற்றுவதுவரை நானே செய்ததுபோலச் சொன்னேன். பத்திரிகைக்காரர் படம் எடுத்தபோதும் கிழங்கின்மேல் கைவைத்து நின்றது நான்தான். மறுநாள் வந்த படத்தில் மைனியின் ஒரு தோள் தெரிந்தது.

கடைசி நாள் நிறைவு விழா. குருத்தோலை கட்டிய மேடை, மைக், முன்வரிசையில் பெரிய ஆட்கள். நான் டபுள் வேட்டியும் கழுத்துச் செயினுமாக முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. மைனி பின்னால் பெண்களோடு இருந்தாள். தோட்டத்தை நடத்துகிற மேடம் நாட்டுக் கிழங்குகளைப் பற்றி மலையாளத்தில் அழகாகப் பேசினார். பேச்சின் நடுவே இரண்டு பேர் எங்கள் காச்சிலை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். மேடம் அதைக் காட்டி, "இதினு ஆர்க்கு விலை பறயான் பற்றும்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். இதற்கு யாரால் விலை சொல்ல முடியும், இது விலைமதிக்க முடியாதது என்று சொல்ல வந்தார், பாவம். எனக்கு அது இப்போது விளங்குகிறது. அப்போது என் கண்ணில் பட்டது குருத்தோலை, மைக், தூக்கிப் பிடித்த கிழங்கு, விலை கேட்கிற குரல். உடம்பு பழகிய பழக்கம். எழுந்து நின்று கையைத் தூக்கி, "ஆயிரம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

பின்னால் யாரோ ஒரு பையல் என்னைத் தாத்தாவாக்கி, "அப்பூப்பா, இது லேலம் அல்ல" என்றான். அவ்வளவுதான், பந்தல் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசைப் பெரிய ஆட்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தூக்கிய கையை இறக்க எனக்குத் தெரியவில்லை. மூட்டை சுமந்த காலத்தில் சந்தையில் வழுக்கி விழுந்திருக்கிறேன், முதலாளியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத ஒரு கூச்சம் அன்று வந்தது. இத்தனை வருடம் கட்டை கட்டையாக அடுக்கி எழுப்பியது, ஒரே வார்த்தையில் சரிந்துவிட்டது மாதிரி.

அப்போது பின்னால் இருந்து மைனியின் குரல் கேட்டது. "ஆயிரத்து ஒண்ணு."

அவளுக்கும் விளங்கவில்லை என்று நினைத்தேன். திரும்பி, "மைனி, இரியுங்க, இது ஏலம் இல்லையாக்கும்" என்றேன்.

மைனி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எனக்குத் தெரியும் லே. நீ கூட்டுனா கூட்டு. இல்லண்ணா நா கொண்டுபோவேன்."

சிரிப்பு மாறிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்காகவும் கைதட்ட ஆரம்பித்தார்கள். "அப்பூப்பா, விடல்லே" என்று அதே பையல் என்னை உசுப்பேற்றிக் கத்தினான். மேடம் நல்ல மனுஷி. சட்டென்று பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, "ஒரு தரம்" என்றார். என்னைப் பார்த்தார். என் வாய் திறக்கவில்லை. பண்டிகைகளில் மைனிக்கு எதிராக நான் கூட்டாமல் நின்றது கிடையாது. "ரண்டு தரம். மூணு தரம். ஆருடெ பேரிலா அம்மே?"

மைனி அண்ணனின் பெயரைச் சொன்னாள். ஊரில் கூப்பிடும் பெயரை அல்ல. வீட்டுப்பெயரும் ஞானஸ்நானப் பெயரும் சேர்த்து முழுப்பெயர். மேடம் அதை அப்படியே மைக்கில் சொன்னார். மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் எல்லாம் என் அண்ணன் பெயர் கேட்டது. அவர் இறந்தபிறகு அதை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. மைனி பணம் எடுக்க மடிக்குக் கைகொண்டு போனாள். மேடம் வேண்டாம் என்று தடுத்தார். "அப்பம் கிழங்கு இஞ்சயே நிக்கட்டு. ஒரு குழியில வச்சா போரும்" என்றாள் மைனி.

டிரைவர் ஓட்ட, இரண்டு பேரும் காரில் திரும்பினோம். நான் கோபத்தைப் போல எதையோ வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "நிங்க எதுக்கு எந்திச்சிய? என்னையப் பாத்துச் சிரிச்சது போராதா?"

"ஒத்தையில நிக்கிய ஆளப் பாத்துல்லா சிரிப்பாவ. ரெண்டு பேரு நின்னா அது கூத்தாக்கும். பாத்துட்டு இருப்பாவ."

பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க அண்ணனுக்க பேரு எப்பிடிக் கேட்டுது, கண்டியா? கோயில்ல அப்பிடி ஒருக்கா கூப்பிடணும்னுதான் எல்லா வருசமும் பைசா முடிஞ்சு கொண்டு வாறேன். உனக்க பேரு விழும். நா திரிச்சு வீட்டுக்குப் போவேன்."

"மறுநாளே கிழங்க கொண்டு தந்தேனே, மைனி?"

"கிழங்குக்கா மக்கா நா கேட்டேன்?"

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நெய்யாற்றின்கரை நெரிசலில் வண்டி நின்று நின்று போயிற்று. அடுத்த பண்டிகைக்கு நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். "நீயா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் டிரைவரும் சேர்ந்து சிரித்துவிட்டான். அடுத்த பண்டிகைக்கு மைனி இல்லை. இடவப்பாதிப் பருவமழையில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அவள் பறம்பில் மண்ணுக்குள் மிச்சம் கிடந்த துண்டு இந்த வருடம் தானே முளைத்துப் பலாமரத்தில் ஏறியிருந்தது. கொடி காய்ந்ததும் நானே மண்வெட்டி எடுத்துக் கிளறினேன். இந்த வயதில், என் கையால். கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஏலம் கேட்க வேண்டும், செயலர் யார் பெயருக்கு என்றதும் மைனியின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். அதை வண்டியில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். காச்சில் வந்தது. கேட்டேன். எதிரே கூட்ட ஒருவரும் இல்லை. செயலர் மூன்று தரம் சொன்னார். யார் பெயருக்கு என்று கேட்கவில்லை. என் குரல் கேட்டால் அதைக் கேட்கிற வழக்கம் எங்கள் சபையில் எப்போதோ நின்றுபோய்விட்டது. என் பெயரை உரக்கக் கூப்பிட்டார். கைதட்டினார்கள். நில்லும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அந்தக் கிழங்குதான் தொட்டி மூடிமேல் கிடக்கிறது. ஜீப் இருக்கிறது, கொண்டுகொடுக்கிற வீடு பூட்டிக் கிடக்கிறது. நேற்றுத் தலைப்பக்கம் ஒரு முளை கண்டேன். கட்டை வாங்க வந்த ஒருவர் கைகழுவ அந்தப் பக்கம் வந்தவர், நின்று மெச்சிப் பார்த்து, "கொள்ளாமே. ஆருக்க காச்சிலு?" என்றார். "எனக்க" என்று வந்த வாயை அடக்கி, மைனியின் பெயரைச் சொன்னேன். வீட்டுப்பெயரும் ஞானஸ்நானப் பெயரும் சேர்த்து, முழுசாக.

களத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் கைவைத்து, "என்ன? கேக்கல்ல" என்றார்.