செவலைக் கிடாவும் அமெரிக்க ஒட்டகமும்

நான் கொத்தனார். மனைவியின் தம்பி செங்கல் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒத்தக்கடையில் புது வீடுகள் எழும்பும் இடத்தில் மத்தியானச் சோற்றுக்கு ஒன்றாக உட்காருவோம். அவன் போனில் அமெரிக்கக் கதைகள் ஓடும். தங்கச் சுரங்கத்தைக் கண்டவன் வழி சொல்லாமல் செத்தது, ஒரு ஊரே காலியாகிப் போனது. எல்லாம் அந்த நாட்டு மேற்குப் பொட்டலில் நடந்ததாம். எதற்கும் முடிவு கிடையாது. முடிவில்லாத கதை எனக்குப் பிடிக்காது. சும்மா கேட்பேன்.

ஒட்டகக் கதை மட்டும் மனதில் நின்றது. பட்டாளத்துக்காகக் கப்பலில் ஒட்டகம் கொண்டுபோனார்களாம். பிறகு வேண்டாமென்று அவிழ்த்துவிட்டார்களாம். அதில் சிவப்பாக ஒன்று பொட்டலில் அலைந்தது. முதுகில் ஒரு ஆளின் எலும்புக்கூடு, கயிற்றால் கட்டியபடி. அந்த ஆள் யார், கட்டியது யார், இன்றுவரை தெரியாது.

"அமெரிக்காவுல ஏதுடா மாப்ள ஒட்டகம்?"

"இருந்துச்சு மச்சான். நம்ம கெடா மாதிரி, கேக்க ஆளில்லாம திரிஞ்சிருக்கு."

எங்கள் கிடாவும் சிவப்புதான், செவலை. மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, குலசாமிக்கு நேர்ந்துவிட்டேன். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப்போடுவதில்லை. எந்த வாசலிலும் மேயும். சாமி கிடா என்று யாரும் விரட்டமாட்டார்கள்.

பிள்ளை தேறி வீடு வந்தான். காதுகுத்தும் கிடாவெட்டும் ஒரே நாளில் என்று சொந்தத்துக்குச் சொல்லியாயிற்று. மேலூர் சமையல்காரரிடம் பேசியாயிற்று. அந்த வாரம் பார்த்துக் கிடாவைக் காணவில்லை. வேறு கிடா வாங்கி வெட்ட முடியாது. நேர்ந்தது நேர்ந்ததுதான். மனைவி பேரனை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் பூசிய சுவர் கோணலாகப் போனது.

கண்மாய், கருவேலங்காடு எல்லாம் தேடினோம். அப்போது புது மனைப் பக்கத்துக் காவலாளி ஒன்று சொன்னார். சாயங்காலம் சிவப்பாக என்னமோ போகிறது. முதுகில் ஒரு ஆள், கை இரண்டும் ஆடுகிறது. அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றாராம்.

மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மச்சான், வந்துருச்சு."

"எது?"

"ஒட்டகம்."

ஆட்டோவில் ஏறினேன்.

பாதி கட்டிய வீட்டுக்குப் பின்னால், மணல் குவியலில் எங்கள் கிடா அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. முதுகில் ஆள் இருந்தான். பேண்ட், முழுக்கைச் சட்டை, மீசை வரைந்த பானைத் தலை. வீட்டு முகப்பில் தொங்கவிடும் திருஷ்டி பொம்மை. ஒரு காலில் வைக்கோல் இல்லை. கிடா தின்றிருந்தது.

நான் அதிகம் சிரிக்கிறவன் இல்லை. அன்றைக்கு மணலில் உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தத் தெருவே பார்த்திருக்கிறது. பொம்மையும் நேர்த்திக்கடனில் சேர்த்தி என்று நினைத்து, யாரும் அவிழ்க்கவில்லை. எவரோ பொம்மைக்கும் விபூதி பூசியிருந்தார்கள்.

கயிறு தானாகச் சுற்றவில்லை. வயிற்றோடு சேர்த்து நல்ல முடிச்சு. மச்சினனைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்ல மச்சான்" என்றான்.

மனைவிக்கு இன்னொரு கவலை வந்தது. ஊரார் கண்திருஷ்டியைச் சுமந்த கிடாவைச் சாமி ஏற்குமா? பூசாரியிடம் கேட்டேன்.

"தண்ணி தெளிப்போம். சிலுப்புனா சாமி ஏத்துக்கிச்சு. நாம யாருப்பா சொல்ல?"

காதுகுத்து அன்றைக்குக் கிடா மேல் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா சும்மா நின்றது. மறுபடி ஊற்றினார்கள். எங்களையே பார்த்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பேரனுக்குக் காதில் ஊசி இறங்கியது. வீறிட்டான். கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு. பூசாரி வேட்டியெல்லாம் தண்ணீர். பெண்கள் குலவையிட்டார்கள்.

கறி வேகவேயில்லை. அலைந்த உடம்பு. எல்லோரும் வெகுநேரம் மென்றார்கள். பந்தியில் மச்சினன் கதை சொன்னான். அவன் சொல்லச் சொல்லக் கிடா ஒட்டக உயரத்துக்கு வளர்ந்தது.

பொம்மைக்குச் சொந்தக்காரரையும் அழைத்திருந்தோம். ஒற்றைக்கால் பொம்மையைக் கையில் கொடுத்தேன். யார் கட்டினது என்று கேட்டார். பந்தியில் ஒருவரும் நிமிரவில்லை. மென்றுகொண்டிருந்தார்கள்.

அவருக்கும் ஒரு இலை போட்டோம்.