கையை விட்ட வாள்

முதலியார்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறு மதியங்களில் கூடிப் பகடை உருட்டி, கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசுவோம். கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவரை எல்லோரும் அண்ணன் என்போம். பெயர் கேட்கத் தோன்றியதே இல்லை. கனத்த உடம்பு, மெல்லிய குரல், எப்போதும் தேய்த்த முழுக்கைச் சட்டை. எந்தச் சந்தேகம் வந்தாலும் எழுந்து நின்று நடித்துப் பார்த்த பிறகே பதில் சொல்வார்.

அன்று என் வீரன் மந்திரத்தால் ஒரு வாளை வரவழைத்திருந்தான். கையை விட்டால் அது மறைந்துவிடும். ஷாஹினாவின் மந்திரக்காரி தன் மந்திரத்தால் அதில் தீயேற்றினாள். பிறகு அவள் ஆற்றைக் கடந்ததும் அக்கரையில் நின்ற அரக்கன் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

"இங்கேர்ந்தே வாள அவன் மேல வீசுறேண்ணா" என்று பகடையை உருட்டினேன். குறி தப்பவில்லை.

"கைய விட்டா வாள் போயிடுமே! அப்ப நான் வச்ச தீ?" என்று ஷாஹினா பதறினாள். மாதக்கணக்கில் அவள் ஆசையாக வளர்த்த பாத்திரம் அது.

அண்ணன் எழுந்தார். இல்லாத வாளை ஓங்கி வீசினார். தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு அவர் கண்கள் மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்தன.

"வாள் மறைஞ்சிடுச்சி. அது இவரு வரவழைச்சது. ஆனா தீ அவங்க வச்சதாச்சே! அது போவுது பாருங்க, போவுது... அரக்கன் தாடியில புடிச்சிக்கிச்சி!"

ஷாஹினா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்தார்.

வேறு இடங்களில் இதற்கு வேறு தீர்ப்புச் சொல்வார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருக்கட்டும். அண்ணன் "போவுது" என்றபோது நாங்கள் அத்தனை பேரும் அந்த வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம்.