சப்பாத்துச் சத்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். விடிகாலையில் காற்று வாங்கலாம் என்று மாடிப்படிக்கு வந்தால், ஒரு பெண் முதுகில் அரிசிப் பையோடு வெறுங்காலில் ஏறி வருகிறாள். கழுத்தில் மலையேறும் புதுச் சப்பாத்து ஒரு சோடி தொங்குகிறது. வங்கியில் வேலை செய்யும் மேல்வீட்டு ராஜினி. போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்க நிதி சேர்த்து, அலுவலகத்தாரோடு சிவனொளிபாதமலை ஏறப் போகிறாள். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

"சப்பாத்தைப் போட்டு நடந்தால்தானே கால் பழகும்?" என்கிறேன்.

மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். "முதல் நாள் போட்டுக்கொண்டுதான் ஏறினனான், அண்ணா. திரும்பி இறங்கேக்கை பாத்தா, ஒவ்வொரு மாடியிலையும் சனம் கதவைத் திறந்து, ஐடென்டி கார்ட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்குது. சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டு ஆமி செக்கிங்குக்கு வந்திட்டுது எண்டு நினைச்சிட்டினம். பக்கத்து வீட்டு அன்ரி பிள்ளையளையும் எழுப்பி உடுப்பு மாத்தி வைச்சிருந்தவ."

என் கை தானாகச் சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிறது.

"அப்போ மலையில் புதுச் சப்பாத்து காலைக் கடிக்குமே?"

"கடிக்கட்டும். அங்கை தொம் தொம்மெண்டு மிதிச்சு ஏறுவன். மலையிலை கதவு இல்லைத்தானே."