சட்டையில் வந்த தர்பூசணி வாசனை

சில வருடங்களுக்கு முன், கல்யாணமாகி டெக்சாஸில் பிளானோவுக்கு நான் வந்து சேர்ந்த புதிதில் நடந்தது இது. என் கணவர் இங்கேயே எம்.எஸ். படித்து, இங்கேயே ஐ.டி. வேலையில் சேர்ந்தவர். எனக்கு வேலைக்குப் போக விசா இடம் தரவில்லை, கார் ஓட்டவும் தெரியாது. காலையில் அவரை அனுப்பிவிட்டு அபார்ட்மென்ட் கதவைச் சாத்தினால், பேச்சுத்துணை கோயம்புத்தூரில் இருக்கும் அக்காதான். அதுவும் போனில்.

வேறு வேலை இல்லாததாலோ என்னவோ, என் மூக்கு கூர்மையாகிவிட்டது. துவைக்க எடுக்கும் அவர் சட்டைகளில் ஒரு வாசனை வந்தது. சென்ட் இல்லை, சோப்பும் இல்லை. தர்பூசணியும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு. பெண்கள் உதட்டில் பூசிக்கொள்ளும் லிப் கிளாஸ் சிலது இப்படித்தான் மணக்கும்.

அதன்பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. குப்பை போடப் போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். கோயிலுக்குப் போனால் பிரசாத வரிசையில் என்னை நிறுத்திவிட்டு, "ஒரு கால் வந்துருச்சு, பேசிட்டு வந்துடறேன்" என்று பார்க்கிங் பக்கம் நழுவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அப்படி யார் கூப்பிடுகிறார்கள்? திரும்பி வரும்போது வாயில் சூயிங்கம் வேறு.

அக்காவிடம் அழுதேன். அவள் சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால், "காரைத் தேடிப் பாருடி, ஏதாச்சும் சிக்கும்" என்றாள்.

சிக்கியது. டிரைவர் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டிக்கும் இடையில் விரலை விட்டபோது, இளஞ்சிவப்பில், வழவழவென்று, கைக்கு அடக்கமாக ஒன்று வந்தது. அடியில் ஒரு குட்டி விளக்கு. முகர்ந்து பார்த்தேன். அதே தர்பூசணி. எவளோ ஒருத்தியின் மேக்கப் சாமான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. கர்சீப்பில் சுற்றி ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அவர் காரைத் தேடினார். பிறகு சோபா மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, ஒரு பென் டிரைவ்."

பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். சொல்லிவிட்டால் நான் எங்கே போவது?

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி, வறட்டு இருமல். அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் நிமோனியாவாக இருக்கும் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிட்டும் கேட்கவில்லை. அப்போதுகூட எனக்கு இரக்கம் முழுதாக வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாமல் படுத்திருப்பவர், கொஞ்சம் எழ முடிந்தால் போதும், கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போகிறார். யாரைப் பார்க்க?

ஒரு நாள் காலை அப்படிக் கீழே போனவர் திரும்பவில்லை. கோபத்தோடு இறங்கினேன். பாதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. இரண்டாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை. உளறலான இங்கிலீஷில் ஆம்புலன்ஸுக்காக 911-க்கு போன் செய்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

எமர்ஜென்சியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இளவயது டாக்டரம்மா ஒருவர் அவரைக் கேள்வி கேட்டார். சிகரெட் பிடிப்பீர்களா? இல்லை என்று தலையாட்டினார். வேப் செய்வீர்களா? ஒரு நொடி என் பக்கம் பார்த்துவிட்டு, அதற்கும் இல்லை என்றார்.

அந்தப் பார்வை எனக்குள் சுருக்கென்று தைத்தது. 'வேப்' என்ற சொல் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் எதையோ எனக்காக மறைக்கிறார் என்று மட்டும் புரிந்தது.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். கிருமித் தொற்றுக்கான பரிசோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை, மூச்சு வழியாக ஏதோ போயிருக்கலாம் என்று தோன்றுகிறது, வீட்டில் பெயின்ட் அடித்தீர்களா, புதிதாக ஸ்பிரே, சென்ட் ஏதாவது உண்டா என்று கேட்டார். சென்ட் என்றதும் என் கை தானாக ஹேண்ட்பேகுக்குள் போனது. கர்சீப்பைப் பிரித்து நீட்டினேன். "இது அவர் கார்ல இருந்தது. யாரோ ஒரு பொண்ணோடதுன்னு நினைக்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இது எந்தப் பெண்ணுடையதும் இல்லை, தீர்ந்ததும் தூக்கி எறிகிற மின் சிகரெட், வேப் என்பது இதுதான், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

அப்பாடா என்று ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது உண்மை. அடுத்த கணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆக்சிஜனோடும் மூச்சுக்குத் தவிக்கிற மனிதரைப் பார்த்தேன். இன்னொரு பெண் என்றால் சண்டை போட்டிருப்பேன். இதனோடு எப்படிச் சண்டை போடுவது?

சிகிச்சையை மாற்றினார்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்ல மூச்சு சீரானது. நுரையீரல் எரிந்து வீங்கியதற்கு இதுதான் காரணம் என்று கருதுவதாகவும், இதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி யாராலும் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். பழத்தின் வாசனைக்குப் பின்னால் நிகோடினும் உண்டு, விடுவது சுலபமில்லை என்றார்.

மூச்சு விட்டுப் பேச முடிந்ததும் என் கணவர் சொன்னது இதுதான்: "நான் பொண்ணு பார்க்க வந்தப்ப உங்கப்பா சிகரெட் உண்டான்னு கேட்டாரு. இல்லைன்னேன். அது பொய்யில்லம்மா. இது வெறும் ஃப்ளேவர்தானேன்னு காலேஜ்ல ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இந்த ஒன்றுதான் வைத்திருந்தேன், வேறு இல்லை என்று சத்தியமும் செய்தார். வீட்டுக்கு வந்து தேடினேன். ஷூவுக்குள் ஒன்று. பழைய லேப்டாப் பையில் ஒன்று. ஷேவிங் சாமான்களுக்கு அடியில், பொம்மை மாதிரி நீலத்தில் இன்னொன்று. மேஜைமேல் வரிசையாக வைத்தபோது அவர் அவற்றைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பிறகு, "நான் இல்லைன்னு சொன்னா நம்பாதம்மா. தேடிப் பாரு" என்றார். அவர் சொன்னதிலேயே அதைத்தான் நான் முழுதாக நம்பினேன்.

அடுத்த சில வாரங்கள் நரகம். எரிந்து விழுவார், கை நடுங்கும், தூங்க மாட்டார். கவுன்சலிங் போனார், நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டார், ஒரு முறை தோற்று மறுபடி ஆரம்பித்தார். இப்போது விட்டுவிட்டார், எனக்குத் தெரிந்தவரை. கேஸ் ஸ்டேஷனில் கார்டைத் தேய்த்து பெட்ரோல் போட்டுக்கொண்டு, அந்தச் சாமான் விற்கும் கடைக்குள் நுழையாமல் வந்துவிடுகிறார். அதையும் கவனிக்கிறேன்.

கணவனைத் துருவித் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்; ஒரு மனிதரின் மூச்சு எத்தனை சத்தமில்லாமல் கெட்டுப்போகிறது என்று பார்த்த பிறகு, பதிலுக்குப் பயந்து கேள்வியை விழுங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.