பரியக் காசு

வேலூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவோம். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள்; வீட்டில் இருந்தால் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. செயலாளர் மட்டும் சின்ன வயசுப் பிள்ளை. போன வாரம் போனில் கூப்பிட்டு, "சார், அடுத்த கூட்டத்துல நீங்க பத்து நிமிஷம் பேசறீங்க. காசு சேக்கற பழக்கத்த ஆயுசுக்கும் விடாம வெச்சிக்கறது எப்பிடின்னு. உங்கள விட்டா வேற யாரு சார் பேசறது?" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன பேசலாம் என்று பார்க்க அலமாரியைத் திறந்தேன். அங்கேதான் கெட்டது.

நாணயத்துக்கென்று தனி வாசனை கிடையாதாம், அதைத் தொட்ட கைகளின் வியர்வைதான் அப்படி மணக்கிறது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தபோது அந்தக் கைகளின் வாசனை வந்தது. பழைய பிளாஸ்டிக் உறைகளின் வாசனையும் கூடவே வந்தது. அந்த உறைகள் என் முதல் தவறு. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் போட்டதில், செப்புக் காசுகள் எல்லாம் பச்சை பூத்துவிட்டன. பேச்சில் இதைச் சொல்லலாம். கையிருப்புக்கு மேல் வாங்காதே, ஒரு வகையைப் பிடித்துக்கொண்டு அதையே தேடு, விற்கிற எண்ணத்தோடு சேர்க்காதே, இதெல்லாம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நாணயத்தைத் துலக்காதே என்று சொல்ல வேண்டும். துலக்கினால் போச்சு. அதன் மேல் ஏறியிருக்கும் கறுப்புதான் அதன் வயசு. இதை நினைத்ததும் மூக்கில் புளி வாசனை ஏறியது. அலமாரியில் புளி இல்லை. மேல் தட்டில், தனி உறையில், ராணித்தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது.

எனக்கு முதல் வேலை ஜமுனாமரத்தூரில், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். போளூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிவது, அவ்வளவுதான். மேலே போனதும் வாரம் இரண்டு நாள் தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். ஜீப்பில் உள்ளே இருப்பவர்களைவிட வெளியே தொங்குகிறவர்கள் அதிகம். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து நடை. ஜனங்கள் என்னை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். முதல் மாதம் "நான் டாக்டர் இல்லீங்க, அவருக்கு உதவியா இருக்கறவன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் திருத்தினேன். இரண்டாவது மாதம் திருத்துவதைக் குறைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே கொஞ்சம் குறையாக இருந்தது.

காசுப் பித்து அப்போதே முற்றியிருந்தது. ஆட்டுக்கு ஊசி போட்டால் சாமை தருவார்கள், தேன் தருவார்கள், சீத்தாப்பழம் கூடையோடு தருவார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "வூட்ல பழய காசு இன்னா இருக்கு?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். தானியப் பானைக்கு அடியிலிருந்து ஓரம் நெளிந்த பத்துப் பைசா வரும், தாமரை போட்ட பித்தளை இருபது பைசா வரும். அந்த இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்த காலம். இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. இல்லாவிட்டால் டாக்டர் ஏன் இப்படி அலைகிறார் என்று அவர்களுக்குள் கேட்டுக்கொண்டார்களாம். இதை எனக்குச் சொன்னவன் காளியப்பன்.

காளியப்பன் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னைப் போல இன்னொருவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். என் வயதுதான் அவனுக்கும். முப்பது ஆடு வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்ததால் ஊசி போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் அவன் ஊருக்குப் போனபோது ஊரே புளியமரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வெள்ளி ரூபாயால் சண்டை.

அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். அங்கே பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் தர வேண்டும். ஊருக்கெல்லாம் சேர்த்துப் பரியக் காசு ஒன்றே ஒன்று, இந்த ராணித்தலை ரூபாய். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை வீட்டார் அதை ஊர்க்கவுண்டரிடம் வாங்கி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பெண் வீட்டார் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பந்தல் பிரிப்பதற்குள் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முப்பது ஆடு வைத்திருப்பவனுக்கும் அதே காசு, மூன்று ஆடு வைத்திருப்பவனுக்கும் அதே காசு.

காசு அண்ணன் வீட்டில் இருக்கக் கூடாது, தம்பி வீட்டிலும் இருக்கக் கூடாது என்று ஊர் இரண்டாக நின்றது. அந்த நேரத்தில் நான் ஊசிப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். காளியப்பன் என்னைக் கை காட்டி ஏதோ சொன்னான். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் வந்து காசை என் உள்ளங்கையில் வைத்து, "நீங்க வெச்சிக்கங்க சார்" என்றார்.

வெச்சிக்கங்க என்றால் என்ன? உங்களுக்கே என்றும் சொல்லலாம், பத்திரமாக வைத்திருங்கள் என்றும் சொல்லலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சண்டை எதைப் பற்றி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். முக்கால்வாசி புரிந்தது. எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும். தெரிந்துபோய்விடும் என்பதால்தான் கேட்கவில்லை. மலை இறங்குகிற ஜீப்பில் நானும் தொங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சட்டைப்பையையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம் காளியப்பன் போளூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதற்குள் எனக்குப் போளூருக்கே மாற்றல் ஆகிக் கல்யாணமும் ஆகியிருந்தது. இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நம்ம ஊர்ல ஒரு கல்யாணம். அந்தக் காசக் கொஞ்சம் குடுப்பீங்களா? முடிஞ்சதும் கொண்ணாந்துடறேன்" என்றான். தங்கள் ஊர்க் காசையே இரவல் கேட்க இரண்டு வண்டி மாறி வந்திருந்தான். நான் அதை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. நாலாம் நாள் கொண்டுவந்து, போன தடவை மாதிரியே "வெச்சிக்கங்க சார்" என்றான்.

காசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். புளி போட்டுத் துலக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். என் உறையில் ஏறத் தொடங்கியிருந்த கறுப்பு ஒரே நாளில் போய்விட்டது. "ஏம்ப்பா, இத்தத் தொலக்கக் கூடாதுப்பா" என்றேன். காளியப்பன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அழுக்குக் காச எப்பிடிங்க பொண்ணு வூட்டுக்குக் குடுக்கறது?" என்று கேட்டான். நான் காசை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அதற்கப்புறம் மலையில் எந்தக் கல்யாணம் என்றாலும் காசோடு நானும் போக ஆரம்பித்தேன். மரியாதைக்கு அழைத்தார்கள், நானும் மரியாதைக்குப் போவது போலப் போனேன். என் மனைவிக்குத்தான் உள்ளது தெரியும். "நீங்க கல்யாணத்துக்குப் போறீங்களா, காசுக்குக் காவல் போறீங்களா?" என்பாள். பந்தலில் எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். நான் தட்டைப் பார்ப்பேன். தட்டு கை மாறும்போதெல்லாம் என் கழுத்தும் கூடவே திரும்பும். அத்தனை கல்யாணத்தில் ஒரு பெண்ணின் முகமாவது ஞாபகம் இருக்கிறதா என்றால் இல்லை. ஒவ்வொரு துலக்கலிலும் ராணியின் மூக்கு எவ்வளவு தேய்ந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்படிப் போன கல்யாணங்களில் கடைசியானது காளியப்பனின் தங்கை மகளுக்கு நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவன் பரியத் தட்டைப் பார்க்கிறேன், காசைக் காணவில்லை. வெற்றிலை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, காசு இல்லை. சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். "காசு எங்க?" என்று கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சத்தம். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அத்தை, ஒரு நடுத்தர வயசு அம்மாள், எழுந்து வந்தாள். கூட்டத்தில் காசு தவறிவிடக் கூடாதென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எல்லாரும் பார்க்க முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கி முடிந்திருந்ததால் அவிழ நேரமானது. "இந்தாங்க சார்" என்று இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். உடனே சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டேன். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. காளியப்பன் மேளக்காரர்களைப் பார்த்து, "அடிங்கப்பா" என்றான்.

அதன் பிறகு யாரும் காசு கேட்டு வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. மழை இல்லை, அதனால் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இன்னும் சில வருஷம் போயிற்று. பையன்கள் எல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஊரடங்கு வந்தது, அது நல்ல சாக்காகப் போயிற்று. ஒரு மலையில் இத்தனை வருஷம் கல்யாணமே நடக்கவில்லை என்று நம்புவதற்கு எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறேன் பாருங்கள். காசு நிம்மதியாகக் கறுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கக்கேடு.

இந்தத் தையில் காளியப்பன் போனில் கூப்பிட்டான். "சார், பெரியவனுக்குக் கல்யாணம். நீங்க வர்றீங்க" என்றான். காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் பத்திரிகை வந்தது. நானாகவே ராணித்தலை ரூபாயைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

பந்தலில் தட்டு தயாராக இருந்தது. அதில் புது வெள்ளிக் காசு, லட்சுமி உருவம் போட்டது, போளூர் நகைக்கடைப் பெட்டியோடு. பெண் வீட்டுக்காரர் ஒருவர் அதை எடுத்தார். கண்ணில் ஒற்றவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "மேல் வூட்டுக் கல்யாணத்துல இத்தவிட கனமா வெச்சாங்களே" என்றார். காளியப்பன் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பை நான் அவனிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பந்தி முடிந்ததும் அவனைத் தனியாகப் பட்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். பட்டியில் ஐந்தாறு ஆடுகள்தான் நின்றன.

"மத்ததெல்லாம் எங்கப்பா?"

"காசுக்கே நாலு கிடா போச்சிங்க. மீதி துணிமணிக்கு."

"என்னக் கேட்டிருக்கலாமே காளியப்பா."

"கேட்டா குடுப்பீங்க சார், அது தெரியும். அன்னிக்கி எங்க தங்கச்சியோட நாத்தனா முந்தானைய அவுத்தாங்க பாருங்க. அதுக்கப்பறம் கேக்க யாருக்கும் மனசு வரல."

"அது உங்க ஊர்க் காசுப்பா."

"ஆமாங்க" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

துணியைப் பிரித்துக் காசை அவன் கையில் வைத்தேன். வைத்துக்கொள் என்றேன், ஊரிலேயே இருக்கட்டும் என்றேன், என்னென்னவோ சொன்னேன். அவன் அதைக் கட்டைவிரலால் தடவினான். ராணியின் மூக்கு இருந்த இடத்தைத் தேடினான் போலிருந்தது. பிறகு என் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினான்.

"இத்தப் போய் இப்ப தட்டுல வெச்சா, இவ்ளோ சிறுசாவான்னு கேப்பாங்க சார். பொண்ணு வூட்ல ஒத்துக்க மாட்டாங்க. நீங்களே வெச்சிக்கங்க."

நகைக்கடையில் பத்து கிராம், இருபது, ஐம்பது, நூறு என்று எல்லா எடையிலும் லட்சுமி கிடைக்கிறாள். இப்போது அந்த ஊரில் யார் வீட்டுப் பரியம் பெரிது, யார் வீட்டுப் பரியம் சிறிது என்று கேட்டால், எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் ஊசிப் பெட்டியோடு போன காலத்தில் கேட்டிருந்தால், என்ன கேட்கிறேன் என்றே அவர்களுக்கு விளங்கியிருக்காது.